ரியோ கிளாரோவை எத்தனை மணிக்குக் கடப்பது?

கொர்கொவாடோ தேசியப் பூங்காவுக்குப் போவதென்று முடிவு செய்தவர்கள் எந்த மாதம் நல்லது, எத்தனை நாள் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று விசாரிப்பார்கள். மூன்றும் தேவையான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் நடக்கப்போகும் அந்த நாளில் கடல் எத்தனை மணிக்கு வற்றும்? கோஸ்டா ரிக்காவின் தென்மேற்கில் பசிபிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஓசா தீபகற்பத்தில், பூங்காவின் மழைக்காடு அலை அடிக்கும் மணல் வரைக்கும் இறங்கி வந்து நிற்கிறது. மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையில் இப்படிப்பட்ட தாழ்நிலக் காடு பெரும்பாலும் அழிந்துவிட்டது. மிஞ்சியதில் பெரிய துண்டு இது, 400 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். இங்கே பாதை சிறிது தூரம் காட்டுக்குள் போகும், சிறிது தூரம் மணலில் போகும், நடுவே ஆறுகள் வரும். ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. ஆகவே இந்தப் பயணத்தின் கடிகாரத்தைக் கடல் வைத்திருக்கிறது. ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை, முதலில் விரித்து வைத்துக்கொண்டு, அதற்கேற்ப நாளையும் திசையையும் குறியுங்கள். விடுப்பு, விமானச் சீட்டு, படுக்கைப் பதிவு எல்லாம் அதற்குப் பின்னால் வரட்டும். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழியைச் சொல்லிவிடலாம். புவேர்ட்டோ ஹிமேனெஸ் ஊரிலிருந்து மண்சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் கராட்டே வரும். வண்டிச் சாலை அங்கேயே முடிந்துவிடும். அங்கிருந்து மணலில் மூன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் லா லியோனா வனக்காவல் நிலையம். பூங்காவின் எல்லை அங்கே தொடங்குகிறது. லா லியோனாவிலிருந்து சிரேனா நிலையம் வரை சுமார் 16 கிலோமீட்டர். இரவு தங்குவது சிரேனாவில்தான். கூடாரம் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். சுவரில்லாத கூரைக்கொட்டகையில் கொசுவலை கட்டிய அடுக்குக் கட்டில்கள் உண்டு, சாப்பாட்டுக்கூடம் உண்டு, குடிநீர் உண்டு. நடையில் முதலில் குறுக்கிடுவது மாட்ரிகால் ஆறு. பிறகு சால்சிபுவேதெஸ் என்ற பாறைமுனை. அந்தப் பெயருக்கு ‘முடிந்தால் வெளியேறு’ என்று பொருள், அந்தக் கரையைப் படகில் கண்டவர்கள் வைத்த பெயராக இருக்கலாம். கடைசியாக, சிரேனாவுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் முன்னால் ரியோ கிளாரோ. இந்தப் பயணத்தில் கவலைப்பட வேண்டிய இடம் எது என்று கேட்டால் பலர் பாம்பைச் சொல்வார்கள், சிலர் முதலையைச் சொல்வார்கள். நேரத்தை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ரியோ கிளாரோவைச் சொல்வார்கள். வற்றத்தில் அது முழங்காலளவு ஓடை. ஏற்றத்தில் இடுப்பையும் தாண்டி நிற்கும் நீர். இரண்டுக்கும் இடையே ஆறு மணி நேரமே வித்தியாசம்.

தமிழ்நாட்டுக் கரையை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றும். அதற்குக் காரணம் இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். கால் நனைக்கப் போகிறவர் அதைக் கவனிக்கவே மாட்டார். ஓசாவின் வெளிக்கரையில் அதே நாட்களில் வித்தியாசம் மூன்று மீட்டரை ஒட்டி வரும். கடல் சீராக ஏறுவதும் இல்லை. மாலுமிகள் மனக்கணக்காக வைத்திருக்கும் பழைய விதி ஒன்று இதற்கு உதவும். வற்றத்திலிருந்து ஏற்றம் வரை ஆகும் ஆறு மணி நேரத்தில், முதல் மணியில் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏறும். இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. மூன்று மீட்டர் ஓதத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். முதல் மணியில் 25 சென்டிமீட்டர், மூன்றாம் மணியில் 75 சென்டிமீட்டர். வற்றத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் தாமதித்தவருக்கு முழங்காலுக்குச் சற்று மேல். மூன்று மணி நேரம் தாமதித்தவருக்குக் கடக்கவே முடியாத ஆறு. ஆற்றுவாயில் மணல்மேடு, நம் குமரிக் கரையில் பொழிமுகம் என்கிறார்களே அதுபோல, இருந்தால் கடல் அதைத் தாண்டும்வரை ஆற்றுநீரில் மாற்றம் தெரியாது. தாண்டிய பிறகு மாற்றம் வேகமாக வரும். ‘இன்னும் ஏறவே இல்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

ஓதம் ஆற்றோடு நிற்பதில்லை, நடையின் உழைப்பையும் அதுவே தீர்மானிக்கிறது. வற்றத்தில் அலை விட்டுப்போன ஈரமணல் சிமெண்டுத் தரைபோல் இறுகியிருக்கும். ஏற்றத்தில் அந்தப் பட்டை மூழ்கிவிடும். மேலே இருக்கும் சரிவான உலர்மணலில், ஒவ்வொரு அடிக்கும் கால் புதைய, ஒரு கால் மேட்டிலும் ஒரு கால் பள்ளத்திலுமாக நடக்க வேண்டும். 30 பாகை செல்சியஸுக்கு மேல் வெயிலும், வேர்வை உலராத ஈரக்காற்றும் சேர்ந்தால், ஒரே தூரத்துக்கு உடல் கொடுக்கும் விலை பெரிதும் கூடிவிடுகிறது. சால்சிபுவேதெஸ் பக்கத்தில் பாறைகளின் அடிவாரமாகப் போக வேண்டிய இடங்கள் ஏற்றத்தில் அலைக்குள் போய்விடும். மேலே சுற்றிப்போகத் தடம் இருக்கும் இடத்தில் அதில் போகலாம், இல்லாத இடத்தில் காத்திருக்க வேண்டியதுதான். ‘நாங்கள் நன்றாக நடப்பவர்கள், ஆறு மணி நேரத்தில் முடித்துவிடுவோம்’ என்று சொல்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தவறான நேரத்தில் வேகமாக நடப்பவர் ஆற்றங்கரையில் அதிக நேரம் காத்திருப்பார், அவ்வளவுதான்.

இனி கணக்குக்கு வருவோம். காலை ஆறரை மணிக்குக் கராட்டேயில் நடையைத் தொடங்கினால் ஏழரைக்கு லா லியோனா. பதிவு முடித்து, தண்ணீர் நிரப்பிக்கொண்டு, விலங்கு பார்க்க நின்று நின்று போனால் மணிக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர்தான் நகரும். ரியோ கிளாரோவை அடையும்போது மதியம் ஒரு மணி, ஒன்றரை ஆகியிருக்கும். அன்று வற்றம் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நடுவே இருந்தால் பயணம் சரியாக அமைந்தது. இப்போது திரும்பி வரும் நாளைப் பாருங்கள். போகும்போது கடைசியில் வந்த ரியோ கிளாரோ, வரும்போது முதலில் வருகிறது. வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும் என்று காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஆறேகாலுக்கு ஆற்றில் நிற்பீர்கள். ஓதம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகிறது. முந்தின நாள் ஒரு மணிக்கு வற்றம் என்றால் மறுநாள் ஒன்று ஐம்பதுக்கு. அதற்கு ஆறு மணி நேரம் முன்னால், காலை ஏழே முக்காலை ஒட்டி, முழு ஏற்றம். அதாவது உள்ளே போக வாகான நாளுக்கு மறுநாள், வெளியே நடக்க மிக மோசமான நாள். இரண்டு இரவு தங்கினாலும் இந்த முரண் தீராது. இது தற்செயலும் அல்ல. ஆற்றை நாம் கடக்கும் நேரம் போகும் திசையைப் பொறுத்து ஏழு மணி நேரம் மாறுகிறது, ஓதத்தின் அரைச்சுற்று ஆறேகால் மணி நேரம். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. எந்த மாதம் போனாலும் இந்தக் கணக்கு பின்தொடரும்.

ஆகவே போன வழியே திரும்பி நடப்பது என்ற எண்ணத்தை விட்டுவிடுவது நல்லது. ஒரு பக்கம் நடை, ஒரு பக்கம் படகு என்று பிரித்துக்கொள்ளுங்கள். நண்பகலை ஒட்டி வற்றம் வரும் நாளில் லா லியோனா வழியாக உள்ளே நடந்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ, பகற்பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும் படகில், அந்தப் படகுகள் புறப்படும் டிரேக் விரிகுடாவுக்கு வந்துவிடலாம். அல்லது டிரேக்கிலிருந்து படகில் சிரேனாவுக்குப் போய், அதிகாலை ஆறரை மணியை ஒட்டி வற்றம் வரும் நாளில் லா லியோனா பக்கம் வெளியே நடக்கலாம். உடலில் தெம்பு உள்ளவர்களுக்கு, லாஸ் பாட்டோஸிலிருந்து சிரேனாவுக்கு வரும் வழி ஒன்று இருக்கிறது. 20 கிலோமீட்டருக்கும் மேல் முழுக்கக் காட்டுக்குள்ளே, முதல் பகுதி மேடும் பள்ளமுமாக. அங்கே கடலின் கட்டளை செல்லாது, ஆனால் மழையின் கட்டளை செல்லும். அதைப் பிறகு பார்ப்போம். சிரேனாவுக்கு வடக்கே சான் பெத்ரியோ வரை கரையோரமாகப் போகும் பழைய வழியைப் பற்றி எங்காவது படித்துவிட்டு ஆசைப்பட வேண்டாம். நடப்பவர்களுக்கு அது மூடப்பட்டுவிட்டது. அந்த வழியில் வரும் சிரேனா ஆற்றின் வாயில் ஏற்றத்தோடு காளைச் சுறாக்கள் உள்ளே நுழையும், முதலைகளும் உண்டு.

நாள் குறிக்க நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே ஓரளவு உதவும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓதம் பெரியது, அஷ்டமியை ஒட்டிச் சிறியது என்பது பெரும்பாலான கரைகளுக்குப் பொருந்தும். எத்தனை மணிக்கு என்பது மட்டும் கரைக்குக் கரை மாறும். ஓசாவின் கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் வற்றம் பெரும்பாலும் காலை ஒன்பது மணியை ஒட்டி விழுகிறது. அங்கிருந்து நாளுக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று கூட்டிக்கொண்டு போனால், சதுர்த்தி, பஞ்சமி வாக்கில் வற்றம் நண்பகலுக்கு வருகிறது. உள்ளே நடக்க அதுவே ஏற்ற நாள். பின்னோக்கிக் கழித்தால் துவாதசி வாக்கில் காலை ஆறரைக்கு வருகிறது. அது வெளியே நடக்க ஏற்ற நாள். அஷ்டமியில் ஓதத்தின் உயரம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் வற்றம் பிற்பகல் மூன்றைத் தொட்டுவிடும், கடலும் ஆழமாக வற்றாது. இந்தக் கணக்கு எந்த வாரம் போகலாம் என்று தேர்ந்தெடுக்க மட்டும். மணியையும் நிமிடத்தையும் கோஸ்டா ரிக்கா பல்கலைக்கழகத்தின் கடலியல் தகவல் பிரிவு வெளியிடும் அட்டவணையில் பார்த்து, ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாதையில் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்குமென்று நம்ப முடியாது.

‘இவ்வளவு சிக்கல் எதற்கு? காலையில் படகில் போய், விலங்குகளைப் பார்த்துவிட்டு, மதியமே திரும்பிவிடலாமே’ என்பது நியாயமான மறுப்பு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சிறு பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் அதுவே சரியான வழி, அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் பகற்படகு காட்டுக்கு வந்து சேரும்போது காடு ஓய்வெடுக்கத் தொடங்கியிருக்கும். அங்கே தாந்தா என்று அழைக்கப்படும் பெயர்ட் தாபிர், மத்திய அமெரிக்காவின் தரைவிலங்குகளில் மிகப் பெரியது, 200 கிலோவுக்கு மேல் எடை வரும். அது வெயில் நேரத்தைச் சேற்றுக்குழியில் படுத்துக் கழித்துவிட்டு, அந்தியிலும் இரவிலும்தான் மேயக் கிளம்புகிறது. ஊளைக்குரங்குகளின் குரல் விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். ஊளைக்குரங்கு, சிலந்திக் குரங்கு, அணில் குரங்கு, வெண்முகக் குரங்கு என்று நாட்டின் நான்கு குரங்கினங்களும் சிரேனாவைச் சுற்றி இருக்கின்றன. அவற்றைக் காண அதிகாலையும் மாலையும் சேர்ந்து வேண்டும். ஓர் இரவு தங்குவது என்பது இந்த இரண்டு வேளைகளை விலைகொடுத்து வாங்குவது. படகும் கடலுக்குக் கட்டுப்பட்டதுதான் என்பதையும் மறக்க வேண்டாம். சிரேனாவில் துறை கிடையாது, முழங்கால் நீரில் இறங்கித்தான் கரையேற வேண்டும்.

ஓத அட்டவணை சொல்லாத ஒன்று மழை. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம், மே முதல் நவம்பர் வரை மழைக்காலம். அக்டோபரில் மழை உச்சம் தொடும், வழக்கமாக அந்த மாதம் சிரேனாவைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் காலை தெளிவாக இருந்து பிற்பகலில் கொட்டுவது வாடிக்கை. நீங்கள் நிற்கும் கரையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேட்டுக்காட்டில் பெய்த மழை ஆற்றில் வந்து சேரும். குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வருவதைக் கேள்விப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கிளாரோ என்றால் தெளிந்தது என்று பொருள். பெயருக்கு மாறாக ஆறு கலங்கி, பழுப்பாகி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், அட்டவணையில் எந்த மணி எழுதியிருந்தாலும் இறங்கக்கூடாது. நண்பகல் வற்றத்தைப் பிடிக்கத் திட்டமிடுபவர்களுக்கு மழைக்காலத்தில் இங்கே ஓர் இடறல் உண்டு: கடல் அனுமதிக்கும் நேரமும் மழை தொடங்கும் நேரமும் ஒன்றோடொன்று மோதும். அதனால் மே முதல் நவம்பர் வரை, படகில் போய் துவாதசி வாக்கில் அதிகாலையில் வெளியே நடக்கும் திட்டம் மேலானது என்பது என் கருத்து.

ஆற்றங்கரையில் செய்ய வேண்டியதை நிதானமாகப் பாருங்கள். வந்ததும் முதுகுப்பையை இறக்கிவைத்துவிட்டு, நீர் மணலைத் தொடும் கோட்டில் ஒரு குச்சியை ஊன்றுங்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். குச்சிக்கும் நீருக்கும் நடுவே ஈரமணல் தெரிந்தால் ஆறு வற்றிக்கொண்டிருக்கிறது, காத்திருப்பது லாபம். குச்சியின் அடி நீருக்குள் போயிருந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது, உடனே கடக்க வேண்டும், இல்லையேல் அடுத்த வற்றம் வரை கடக்கவே கூடாது. இதனால்தான் வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆற்றுக்கு வந்து சேரும்படி நேரத்தை அமைக்கச் சொல்கிறேன். தாமதம் நேர்ந்தாலும் கைவசம் நேரம் இருக்கும். வற்றும் நீருக்கும் ஓர் ஆபத்து உண்டு, கால் இடறினால் அது கடலை நோக்கி இழுக்கும். ஆகவே இழுப்பு வேகமாக இருக்கும் நடுநேரத்தில் அவசரப்படாமல் அது தணியும்வரை நில்லுங்கள். இறங்கும்போது பையின் இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழ வேண்டும். கைக்கோலை நீரோட்டத்தின் மேற்பக்கம் ஊன்றி, முகத்தை அந்தப் பக்கமே வைத்து, ஒரு காலை நிலைநிறுத்திய பிறகே மறுகாலை நகர்த்துங்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடப்பது நம்மிடம் உள்ள பழக்கம். உருளைக்கல் நிறைந்த ஆற்றில் அது வேண்டாம், பின்பட்டி உள்ள செருப்போ நனையத் தயாரான காலணியோ காலிலேயே இருக்கட்டும். எந்த இடத்தில் இறங்குவது என்பதை மட்டும் எந்தப் புத்தகமும் சொல்ல முடியாது. மணல்மேடு ஒவ்வொரு பெருமழைக்கும் இடம் மாறுகிறது, போன வாரம் ஆழமில்லாத இடம் இந்த வாரம் மடுவாகியிருக்கும்.

வழிகாட்டி எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. 2014 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் கொர்கொவாடோவுக்குள் நுழைய முடியாது, அது சட்டம். சட்டத்தை எரிச்சலோடு ஏற்பவர்கள் சொல்வது, ‘பாதை தெளிவாகத்தான் இருக்கிறது, கைபேசி வரைபடத்தில் புள்ளி நகர்வது தெரிகிறது, பிறகு வழிகாட்ட என்ன இருக்கிறது?’ அவர்கள் சொல்வதில் பாதி சரி. கரையோரப் பாதையில் திசை தவறுவது எளிதல்ல. ஆனால் வரைபடத்தில் ஆறு ஒரு நீலக்கோடு, அது காலை ஏழு மணிக்கும் மதியம் ஒரு மணிக்கும் ஒரே கோடாகத்தான் தெரியும். வழிகாட்டி அந்தப் பாதையில் வாரத்துக்குப் பலமுறை போய்வருபவர். நேற்று மணல்மேடு எங்கே இருந்தது, முந்தாநாள் மழையில் மாட்ரிகால் எவ்வளவு ஏறியது, இந்தக் குழுவின் கால் எவ்வளவு களைத்திருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்து எடைபோட்டு ‘இப்போது இறங்கலாம்’ என்று சொல்ல அவரால் முடியும். தொலைநோக்கியில் பறவை காட்டுவது அவர் தொழிலின் இனிமையான பகுதி. நாம் காசு கொடுப்பது அந்த ஒரு வாக்கியத்துக்கு. அனுபவம் மட்டும் போதும் என்பவர்களுக்கு இன்னொன்று. 2014 ஜூலையில், காட்டு நடையில் நல்ல தேர்ச்சி பெற்ற 27 வயது அமெரிக்க இளைஞர் ஒருவர் தனியாக இந்தக் காட்டுக்குள் போய்க் காணாமல் போனார். அவருடைய எச்சங்கள் கிடைத்தது 2016 மே மாதத்தில். அவர் போனது கரைப்பாதை அல்ல, அவருக்கு நேர்ந்ததற்கும் ஓதத்துக்கும் தொடர்பு இல்லை. ஆனால் தனியாகப் போனவருக்கு என்ன ஆனது என்று அறியவே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. பெற்றவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நினைத்தால், தனியே போகும் துணிச்சலுக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பது புரியும்.

செலவைப் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. வழிகாட்டி கட்டாயம் என்பதால் பயணச் செலவு கூடுகிறது, குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இந்தக் காடு எட்டாமல் போகிறது. இதை மறுக்க முடியாது. எதிர்த்தட்டில் வைக்க வேண்டியது ஓசாவின் வரலாறு. 1975 அக்டோபரில் அதிபர் டேனியல் ஓதுபெர் இந்தப் பூங்காவை அறிவித்தபோது, உள்ளே குடியிருந்த விவசாயிகள் வெளியேற வேண்டியிருந்தது. பிறகு ஆற்றுமணலில் தங்கம் அரிப்பவர்கள் நூற்றுக்கணக்கில் உள்ளே புகுந்தார்கள், 1986இல் அவர்களும் வெளியேற்றப்பட்டார்கள். காட்டை நம்பிப் பிழைத்தவர்களுக்குக் காட்டிலிருந்து ஒரு மாற்று வருமானம் கிடைக்காவிட்டால், காவலர்கள் எத்தனை பேர் இருந்தாலும் தங்கமும் வேட்டையும் திரும்ப அழைத்துக்கொண்டேதான் இருக்கும். சுற்றியுள்ள ஊர்க்காரர்களுக்கு வழிகாட்டி வேலையும் சிரேனாவின் சமையற்கட்டும் படகும் அந்த மாற்று. சட்டவிரோதத் தங்க வேட்டை இன்றும் முழுதாக ஒழியவில்லை என்பது உண்மை, ஆகையால் இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் நீங்கள் கொடுக்கும் கூலி, காடு நிற்பதால் ஒரு குடும்பம் சாப்பிடுகிறது என்ற நிலையை உறுதிப்படுத்துகிறது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து வழிகாட்டிக் கூலியைப் பகிர்ந்துகொள்ளுங்கள். வழிகாட்டியே இல்லாமல் ஒரு வழி தேட வேண்டாம்.

யாரை அமர்த்துவது? நாட்டின் சுற்றுலா நிறுவனம் கொடுக்கும் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. அடுத்து, முன்பணம் கட்டுவதற்கு முன் அவரிடமே நேராகச் சில கேள்விகள் கேளுங்கள். நாம் போகும் நாளில் வற்றம் எத்தனை மணிக்கு? ரியோ கிளாரோவுக்கு எப்போது போய்ச் சேருவோம்? ஆறு ஏறியிருந்தால் எங்கே காத்திருப்போம்? தேதியைச் சொன்னவுடன் ‘அன்றைக்கு வேண்டாம், நான்கு நாள் தள்ளி வாருங்கள்’ என்று சொல்கிறவர் உங்கள் பணத்தைவிட உங்கள் உயிரை மதிக்கிறவர், அவரையே பிடித்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதிக்கும் ‘போகலாம், பிரச்சினையே இல்லை’ என்பவரிடம் மறுபடி கேளுங்கள். இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்: ஆறு இடம் கொடுக்காமல் திரும்ப நேர்ந்தால் கூலி என்ன ஆகும்? நுழைவு அனுமதி குறிப்பிட்ட தேதிக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கும் மட்டும் தரப்படுவது, தவறினால் அடுத்த நாளுக்கு மாறாது. இதைப் பேசாமல் விட்டால், ஆற்றங்கரையில் நின்றுகொண்டு எல்லோரும் அவரை அவசரப்படுத்துவீர்கள். முழுக் கூலி உண்டு, முடிவு அவருடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் தண்ணீரை மட்டும் பார்த்து முடிவெடுப்பார். வெளியே வரும் நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் இடையில் ஒரு முழு நாள் காலியாக விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

காத்திருப்பு வீண்பொழுது என்று நினைப்பவர்கள் கரையோரத்து மரங்களை நிமிர்ந்து பார்க்க வேண்டும். அங்கே நிழல் தருவது பெரும்பாலும் நம் ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அதே வாதாங்கொட்டை மரம், அதே அடுக்கடுக்கான கிளை, உதிரும் முன் சிவக்கும் அதே அகன்ற இலை. ஆசியக் கரைகளைச் சேர்ந்த அந்த மரம் கடல் கடந்து போய் அங்கே வேர்பிடித்துக்கொண்டது. இங்கே பிள்ளைகள் கல்லால் தட்டிப் பருப்பெடுக்கும் கொட்டையை, அங்கே சிவப்பு மக்காவ் கிளிகள் உடைக்கின்றன. ஒரு காலால் கிளையைப் பற்றி, மறுகாலால் காயைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, அலகின் விளிம்பால் நாரைச் சீவி எறிந்துவிட்டு ஓட்டைப் பிளக்கும். கீழே நிற்பவர் தலையில் பச்சைத் தோலும் நாரும் விழுந்துகொண்டே இருக்கும். அலை அடித்தால் காதில் கேட்காத அந்த மெல்லிய நொறுங்கும் ஓசை, வற்றத்தில் கடல் விலகிய நேரத்தில் தெளிவாகக் கேட்கும். காலடியில் சங்கு நண்டுகள் நகரும். காய்ந்த இலையும் சிப்பியும் ஒரு கோடாக ஒதுங்கிக் கிடக்கும் இடம் காலை ஏற்றம் எட்டிய எல்லை. பையை அந்தக் கோட்டுக்கு மேலேயே வையுங்கள்.

நேரம் பிந்தினால் வரும் ஆபத்துகளில் இருட்டும் ஒன்று. சிரேனா இருப்பது வட அட்சம் எட்டரைப் பாகையில், நம் களக்காடு, முண்டந்துறைக் காடுகள் இருக்கும் அதே வாக்கில். ஆகவே பொழுது எப்படிச் சாயும் என்பது நமக்குத் தெரிந்ததுதான். ஆண்டு முழுவதும் ஐந்தேகாலிலிருந்து ஆறு மணிக்குள் சூரியன் மறையும், அரை மணியில் கும்மிருட்டு. காட்டுக்குள் அது இன்னும் முன்னதாகவே வந்துவிடும். தெர்சியோபெலோ என்று அங்கே சொல்லப்படும் விரியன் இரவில் இரை தேடுவது, உதிர்ந்த இலையின் நிறத்திலேயே கிடக்கும். விஷமுறிவு மருந்தை நாட்டின் குளோடோமிரோ பிக்காடோ ஆய்வகம் தயாரிக்கிறது, மருந்துக்குக் குறைவில்லை. ஆனால் கடிபட்டவரை மருந்து இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் தூரம்தான் கொடியது. வழிகாட்டிகள் பலர் வெயிலானாலும் முழங்கால்வரை ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து அலட்சியம் வேண்டாம். இருட்டுக்கு முன் போய்ச் சேரக் கிளம்பும் நேரமும் முக்கியம்: கராட்டேக்குப் போகும் பொது லாரி மண்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும், அதை நம்பிக் கிளம்பினால் நடை தொடங்கவே எட்டரை ஆகிவிடும், ரியோ கிளாரோவில் மாலையாகிவிடும். ஒன்று முந்தின இரவே கராட்டே பக்கம் தங்குங்கள், அல்லது விடிகாலையில் தனி வண்டி பேசிக்கொள்ளுங்கள்.

சிரேனாவில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் வழிகாட்டியோடு உட்கார்ந்து மறுநாள் மணியை உறுதிசெய்துகொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே பையைக் கட்டிவிட வேண்டும், விளக்குகள் சீக்கிரம் அணைந்துவிடும், இருட்டில் பொருள் தேடினால் அடுத்த கட்டிலில் இருப்பவர் தூக்கம் கெடும். நடந்து வெளியேறுபவர்கள் மூன்று லிட்டர் தண்ணீரை இரவே நிரப்பிக்கொள்ளட்டும். ஒருமுறை உபயோகிக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைப் பூங்காவுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள், ஆகையால் கெட்டியான பாட்டில்கள் ஊரிலிருந்தே கையில் இருக்க வேண்டும். நனைந்த காலணி காலைக்குள் உலராது. அதைக் கவிழ்த்து மாட்டிவைத்து, போடுவதற்கு முன் உள்ளே எதுவும் ஏறியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, ஈரத்தோடேயே போட்டுக்கொள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் ரியோ கிளாரோவில் மறுபடி நனையப் போவதுதான். உலர்ந்த ஒரே சோடி காலுறையை லா லியோனா வரை பையிலிருந்து எடுக்க வேண்டாம்.